சுருட்டு உருட்டும் யந்திரம்: இலை போடுகிறவனுக்கு லாபமா?

குமரி மாவட்டத்தில் புகையிலை பயிரிடுகிறவர்கள் அரிது. நெல், தென்னை, வாழை, ரப்பர், மரச்சீனி என்று இருக்கும் நமக்குச் சுருட்டு யந்திரத்தைப் பற்றி என்ன கவலை என்று விவசாய அன்பர்கள் கேட்கலாம். கவலை உண்டு. விளைபொருளை உருட்டியோ, பிழிந்தோ, பொடித்தோ சரக்காக மாற்றும் யந்திரம் ஒன்று புதிதாக வரும்போது, அந்தப் பொருளை விளைவிப்பவனுக்குக் கிடைக்கும் விலை எந்தப் பக்கம் சாயும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சுருட்டு விஷயத்தில் அந்தக் கதை வெளிநாடுகளில் முழுவதும் நடந்து முடிந்துவிட்டது. ரப்பரில் அது நம் கண் முன்னால் பாதி நடந்திருக்கிறது. ஆகவே கதையைத் தெரிந்து வைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை.

புகையிலை நாஞ்சில் நாட்டுக்குப் புதிய சரக்கும் அல்ல. 1956 நவம்பர் 1-ம் தேதி தமிழ்நாட்டோடு சேரும் வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தோம். அந்த சமஸ்தானத்தில் வெற்றிலையோடு மெல்லும் புகையிலை பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் வழியாக வந்தது. யாழ்ப்பாணத்துக் கமக்காரர்கள் இந்தச் சந்தைக்கென்றே பதப்படுத்திய சரக்குக்கு 'மலையாளப் புகையிலை' என்றே பெயர். வெகு காலம் சர்க்கார் தவிர வேறு யாரும் புகையிலை வியாபாரம் செய்யக் கூடாது என்று இருந்தது. திவான் மாதவராவ் காலத்தில், 1860-களில், அந்த ஏகபோகம் எடுக்கப்பட்டு இறக்குமதி வரி வந்தது. பின்னாளில் அந்த வரி ஏறியபோது இங்கே மெல்லுகிறவர்களைவிட அங்கே விளைவித்தவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். ஒரே ஒரு சந்தையை நம்பிப் பதம் போட்ட சரக்கை வேறு இடத்தில் விற்பது லேசல்ல.

சுருட்டின் மூன்று பாகம்

சுருட்டைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் மூன்று விதமான இலை தெரியும். நடுவில் அடைத்திருப்பது உள்ளிலை. எடையில் பெரும்பங்கு இதுதான். அதைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருப்பது கட்டிலை. வெளியே வழவழப்பாகத் தெரிவது மேலிலை. மூன்றுக்கும் மூன்று விலை. மேலிலை கிழிசலோ ஓட்டையோ இல்லாமல், நரம்பு மெல்லியதாய், ஒரே நிறமாய் இருக்க வேண்டும். கட்டிலைக்கு வலு வேண்டும். உள்ளிலைக்கு அழகு வேண்டியதில்லை. ஒழுங்காக எரிந்தால் போதும்.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்குப் பேர் போன ஊர்கள் இரண்டு. ஒன்று திருச்சி உறையூர். ஷெர்லக் ஹோம்ஸ் துப்பறியும் கதைகளில் முதலாவது நாவலில், அது 1887-ல் வெளிவந்தது, கொலை நடந்த வீட்டில் கிடந்த சாம்பலைப் பார்த்தே 'இது திருச்சிச் சுருட்டு' என்று துப்பறிகிறவர் சொல்லிவிடுகிறார். அவ்வளவு தூரம் போயிருந்தது அதன் பெயர். இன்னொன்று திண்டுக்கல். அங்கே ஸ்பென்சர் கம்பெனியின் சுருட்டுத் தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கானவர்கள் வேலை பார்த்தார்கள். உள்ளிலை சுற்று வட்டாரத்துச் சரக்கு. உயர்ந்த ரகச் சுருட்டுக்கு மேலிலை சுமத்திரா, ஜாவாவிலிருந்து கப்பலில் வந்தது. திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரத்தில் ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் என்று இலையின் வடிவத்தை வைத்தே ரகங்களுக்குப் பெயர் உண்டு. மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் 1947-ல் ராஜமந்திரியில் தொடங்கியதும், சுருட்டுப் புகையிலைக்கென்று வேடசந்தூரில் ஒரு கிளையை அடுத்த வருஷமே ஏற்படுத்தினார்கள்.

கை எப்படி உருட்டுகிறது

யந்திரத்தைப் புரிந்துகொள்ள முதலில் கையைப் பார்க்க வேண்டும். சுருட்டுக்காரர் இலையை லேசாக நனைத்துப் பதமாக்குகிறார். நடு நரம்பை, அதாவது காம்பை, உரித்தெடுக்கிறார். காம்பு உள்ளே இருந்தால் சுருட்டு ஒரு பக்கமாக எரியும், இழுக்கவும் தடுக்கும். பிறகு உள்ளிலைகளை நீளவாக்கில் ஒன்றன் மேல் ஒன்றாக மடித்து உள்ளங்கையில் சேர்க்கிறார். இந்த மடிப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. மடிப்புகளுக்கு நடுவே நுனியிலிருந்து அடி வரை காற்றுப் போக வழி இருக்க வேண்டும். அதிகம் நெருக்கினால் புகை வராது. தளர்த்தினால் குபுகுபுவென்று எரிந்து நாக்கைச் சுடும். நடுவில் ஓர் இடத்தில் முறுக்கி விட்டாலும் அந்த இடத்தில் அணைந்துவிடும். இதையெல்லாம் விரலே சொல்லும், தராசு கிடையாது.

சேர்த்த உள்ளிலையைக் கட்டிலையில் வைத்துப் பலகையின் மேல் உருட்டினால் கரு தயார். உயர்ந்த ரகமானால் கருவை மர அச்சில் வைத்து அமுக்கி, இடையில் ஒரு தரம் திருப்பி வைப்பார்கள். கடைசியில் மேலிலை. இதில் ஒரு விசேஷம்: காம்பை உரித்தால் இலை இரண்டு பாதியாகிறது. இடப்பாதியை ஒரு திசையிலும், வலப்பாதியை எதிர்த் திசையிலும் சுற்ற வேண்டும். அப்போதுதான் நரம்புகள் சுருட்டின் நீளத்தோடு ஒட்டிப் படியும். மாற்றிச் சுற்றினால் நரம்பு துருத்திக்கொண்டு தெரியும். ஆகவே இரண்டு கையாலும் சுற்றப் பழகினவர்தான் கைகாரர்.

கியூபாவில் கை தேர்ந்தவர் ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது நல்ல சுருட்டு உருட்டுவார். வேலையில் சத்தமே இல்லை. அதனால் அங்கே 1865 முதல் தொழிலாளர்களே காசு போட்டு, ஒருவரை உயரமான இடத்தில் உட்கார வைத்துப் பத்திரிகையும் நாவலும் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும், கண்ணூர் பக்கத்துப் பீடிக் கம்பெனிகளிலும் இதே வழக்கம் இருந்தது. யந்திரம் ஓடும் கொட்டகையில் இது நடக்காது.

தொட்டில் போல் ஒரு துணி

முதலில் வந்த யந்திரம் மிக எளிது. இன்றைக்கும் மத்திய அமெரிக்கச் சுருட்டுக் கம்பெனிகளில் அதன் வம்சத்தைப் பார்க்கலாம். ஒரு மேஜை, அதன் மேல் முரட்டுத் துணியிலோ ரப்பரிலோ ஒரு பட்டை. பட்டையின் இரு முனையும் மேஜையில் பிணைத்திருக்கும். ஆனால் பட்டை மேஜையைவிடச் சற்று நீளம். அந்த உபரித் தளர்ச்சி ஒரு முனையில் தொட்டில் மாதிரித் தொங்கும். தொட்டிலுக்குள் ஒரு சுருட்டுக்கு வேண்டிய உள்ளிலையைப் போட வேண்டும். அதற்கு முன்னால் பட்டையின் மேல் கட்டிலையை விரித்து வைக்க வேண்டும். நெம்புகோலை இழுத்தால் பட்டைக்கு அடியில் உள்ள உருளை மேஜையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகரும். தொட்டிலும் அதோடு நகரும். உள்ளே இருக்கும் இலை உருண்டுகொண்டே போய், வழியில் கிடக்கும் கட்டிலையைத் தன்மேல் சுற்றிக்கொள்ளும். பாய் சுருட்டுவது போலத்தான். மறு கோடியில் உருட்டிய கரு தட்டில் விழும்.

பருமனைக் கூட்டவும் குறைக்கவும் தொட்டிலின் தளர்ச்சியை மாற்றினால் போதும். மேஜைப் பலகையின் வளைவை மாற்றினால் சுருட்டின் வடிவம் மாறும். மின்சாரம் வேண்டாம். நாலைந்து நாள் பழகினால் யாரும் இழுக்கலாம். ஆனால் ஒன்று: எவ்வளவு இலை போடுவது, அதை எப்படிப் பரப்புவது என்பது இன்னும் ஆளின் கையில்தான் இருக்கிறது. ஓரிடத்தில் குவித்துப் போட்டால் அந்த இடத்தில் கருவும் குவிந்தே வரும். நீள இலையையும் இதில் உருட்டலாம். ஆனால் நறுக்கின இலைதான் பரப்ப வசதி. இந்த 'வசதி' என்கிற சொல்லைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இலையின் ஈரம் இங்கே முக்கியம். காய்ந்த இலை உருளும்போதே நொறுங்கித் தூளாகும். ஈரம் மிகுந்தால் பட்டையில் ஒட்டும், கரு இறுகிப் போகும். மடக்கினால் ஒடியாமலும், பிடித்தால் உருண்டை கட்டாமலும் இருப்பதே பதம்.

பெரிய யந்திரம் வந்தது

உள்ளிலையை அளந்து போடும் வேலையையும் யந்திரமே செய்ய வேண்டும் என்று அமெரிக்கக் கம்பெனிகள் வெகு காலம் பாடுபட்டன. முதல் உலகப்போர் முடிகிற தறுவாயில் அமெரிக்கன் மெஷின் அண்ட் பவுண்டரி கம்பெனியார் அதைச் சாதித்தார்கள். அந்த யந்திரத்துக்கு நான்கு பெண்கள் வேண்டும். ஒருத்தி உள்ளிலைகளை நகரும் பட்டையில் நீளவாக்கில் அடுக்குவாள். யந்திரம் அவற்றை அமுக்கிக் கனம் பார்த்து, ஒரு சுருட்டுக்கு ஆனதை வெட்டித் தொட்டிலுக்குள் தள்ளும். இரண்டாமவள் கட்டிலையை ஓர் இரும்புத் தகட்டின் மேல் விரிப்பாள். தகட்டில் நிறையச் சிறு துளைகள்; அடியிலிருந்து காற்று உறிஞ்சும்; இலை அசையாமல் படிந்திருக்க, கத்தி வடிவாக வெட்டிவிடும். மூன்றாமவள் இதே போல மேலிலையை விரிப்பாள். நாலாமவள் உருண்டு வந்ததைப் பார்த்துச் சொத்தையை ஒதுக்குவாள். நாளொன்றுக்கு சுமார் 4,000 சுருட்டு.

வருஷக் கணக்கில் பழகின கைகாரர்கள் இருந்த இடத்தில், சில வாரம் பழகின பெண்கள் குறைந்த கூலிக்கு உட்கார்ந்தார்கள். 1920-களில் அமெரிக்காவில் சிறு சுருட்டுக் கடைகள் வரிசையாக மூடின. 1925-ல் கியூபாவில் ஒரு பெரிய கம்பெனி யந்திரத்தைக் கொண்டு வந்தபோது தொழிலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நம் நாட்டில் பீடித் தொழிலுக்கு இந்தக் கதி வராமல், கையால் செய்த பீடிக்குக் குறைந்த வரியும் யந்திரப் பீடிக்கு அதிக வரியும் வைத்து வெகு காலம் தடுத்து வந்தார்கள். 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளருக்குத் தனிச் சட்டமும் வந்தது. அதை ஏற்க மனமில்லாத பீடி முதலாளிகள் கண்ணூரில் கடையைக் கட்டியபோது, 1969-ல் தொழிலாளர்களே சேர்ந்து தினேஷ் பீடி கூட்டுறவை ஆரம்பித்தார்கள்.

தொழிலாளி கதை பலருக்கும் தெரியும். இலை விளைவித்தவன் கதையைத்தான் யாரும் எழுதுவதில்லை.

யந்திரம் கேட்கும் இலை

முதல் கட்டத்தில் விவசாயிக்கு லாபம் போலத்தான் தெரிந்தது. சுருட்டு மலிவானது, விற்பனை கூடியது, இலைக்குக் கிராக்கி வந்தது. அடுத்த கட்டத்தில் யந்திரம் தனக்கு வசதியான இலையைக் கேட்க ஆரம்பித்தது. நீளமான முழு இலையை அடுக்குவதற்கு ஓர் ஆள் வேண்டும். நறுக்கின இலையானால் தொட்டியில் கொட்டினால் போதும். அதுவே அளந்து விழும். ஆகவே மலிவுச் சுருட்டெல்லாம் நறுக்கு இலைக்கு மாறியது. நறுக்கின இலை சீக்கிரம் எரியும், சூடு அதிகம், சாம்பல் நிற்காமல் உதிரும். ஆனாலும் விலை குறைவு என்பதால் விற்றது. நறுக்கப் போகிற இலைக்கு நீளம் எதற்கு? ஓட்டையில்லாமல் இருந்தால் என்ன, இருந்தால் என்ன? உள்ளிலை விளைவித்தவனின் நல்ல சரக்குக்கும் நடுத்தரச் சரக்குக்கும் இருந்த விலை வித்தியாசம் இப்படித்தான் கரைந்தது.

மூன்றாவது கட்டம்தான் பலமான அடி. 1950-களின் நடுவில் அமெரிக்கக் கம்பெனிகள் புகையிலைத் தூளை, அதாவது உதிரி, கழிவு இவற்றையெல்லாம் அரைத்து, நீரும் பசையும் சேர்த்துக் கூழாக்கி, நகரும் எஃகுப் பட்டையில் மெல்லிசாகப் பரப்பி உலர்த்திக் காகிதம் மாதிரி உரித்தெடுக்கக் கண்டுபிடித்தார்கள். இந்தப் புகையிலைத் தாளைச் சுருளாகச் சுற்றி யந்திரத்தில் மாட்டிவிட்டால், கட்டிலை விரிக்கும் பெண் வேண்டாம், கட்டிலையே வேண்டாம்.

கனெக்டிகட் நதிப் பள்ளத்தாக்கில் இருந்த குடும்ப விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிலைக்கென்றே அகன்ற இலைப் புகையிலை போட்டு வந்தவர்கள். நல்ல மண், நல்ல விலை, இலை உலர்த்த நெட்டையான மரக் கொட்டகைகள். தாள் வந்த சில வருஷங்களிலேயே அவர்களுடைய பரப்பு மளமளவென்று சுருங்கியது. அவர்கள் விளைச்சலில் குறை வைக்கவில்லை, நோய் வரவில்லை, மழை பொய்க்கவில்லை. வாங்குகிறவனுக்கு முழு இலை தேவைப்படாமல் போயிற்று, அவ்வளவுதான். துணிப் பந்தல் போட்டு நிழலில் மேலிலை விளைவித்தவர்கள் அதற்குப் பிறகும் வெகு காலம் தாக்குப்பிடித்தார்கள், ஏனென்றால் வெளியே தெரியும் இலையை ஏமாற்றுவது கஷ்டம். 1990-களில் அமெரிக்காவில் கைச்சுருட்டு மோகம் திடீரென்று கிளம்பியபோது அந்த அகன்ற இலைக்கும் மேலிலையாக மறுபடி கிராக்கி வந்தது. அதற்குள் பல கொட்டகைகள் விழுந்துவிட்டிருந்தன.

நம்மூர் உருளை

இதைப் படிக்கும்போது குலசேகரம், அருமனைப் பக்கத்து அன்பர்களுக்கு வேறொன்று ஞாபகம் வந்திருக்கும். பாலை உறைய வைத்து, வழவழப்பு உருளையில் இரண்டு மூன்று தரமும் வரி உருளையில் ஒரு தரமும் விட்டு எடுத்தால் ஷீட். கையால் சுற்றுகிற அந்த உருளை யந்திரம் தோட்டக்காரனின் கொட்டகையிலேயே இருக்கிறது. அது வந்ததால் சிறு விவசாயி பாலை அன்றன்றைக்கே கேட்ட விலைக்குக் கொடுக்காமல், ஷீட்டாக்கிப் புகைபோட்டுச் சில நாள் வைத்திருந்து விற்க முடிந்தது. சுத்தமான ஷீட்டுக்குத் தரம் பார்த்துத் தனி விலை. நெம்புகோல் இழுக்கும் சிறிய சுருட்டு மேஜைக்கு ஒப்பானது இது.

புகையிலைத் தாளுக்கு ஒப்பானது கட்டி ரப்பர். ஒட்டுப்பாலையும் சிரட்டையில் உறைந்ததையும் சேர்த்துக் கழுவி, நொறுக்கி, உலர்த்தி, அமுக்கிக் கட்டியாக்கும் முறையை 1960-களில் மலேசியா நிலைநாட்டியது. 1965-ல் அதற்கென்று தரக் குறியீடும் வைத்தது. டயர் கம்பெனிகளுக்கு அது வசதி. ஷீட் போடும் சிரமம் இல்லாததால் பல தோட்டக்காரர்களுக்கும் வசதி. ஆனால் நொறுக்கும் யந்திரம் நம் கொட்டகையில் வைக்கிற யந்திரம் அல்ல. சிரட்டைக் கட்டியைச் சாக்கில் அள்ளிக்கொடுப்பதோடு நம் வேலை முடிகிறது. அதில் ஈரம் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று சொல்பவர் வாங்குகிறவர்தான். ஷீட் அடிக்க ஆள் கிடைக்காத இக்காலத்தில் எல்லோரும் ஷீட்டே போடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு யந்திரமும் ஒரே ஜாதி அல்ல என்பதைத்தான் சொல்கிறேன். ஒன்று சரக்கின் தரத்தை நம்மிடம் வைத்துப் போகிறது. மற்றது தரத்தை எடுத்துக்கொண்டு போகிறது.

நம் பக்கத்தில் போடலாமா?

சிறிய சுருட்டு மேஜை ஒன்று வாங்கி, தோவாளைப் பக்கம் காய்ந்த நிலத்தில் புகையிலை போட்டு, வீட்டிலேயே சுருட்டி விற்றால் என்ன என்று சிலருக்குத் தோன்றக்கூடும். கணக்குப் பார்த்துவிடுவோம்.

சுருட்டுப் புகையிலைக்கு நாற்றுவிட்டு ஐப்பசி, கார்த்திகையில் நட்டு, தையிலிருந்து பங்குனிக்குள் வெட்டுவது திண்டுக்கல் வழக்கம். முதிர்ச்சிக் காலத்தில் மழை பெய்தால் இலையின் பிசின் கழுவிப் போகும். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காற்றாலைக்காரர்களைக் கேட்டால் தெரியும். வாழையிலை கிழிகிற இடத்தில் புகையிலை முழுசாக நிற்காது. கடலோரக் கிணறுகளில் உப்பு உண்டு. உப்புத் தண்ணீர் மெல்லும் புகையிலைக்கு ஒத்துக்கொள்ளும். சுருட்டு இலைக்கு ஆகாது. குளோரைடு ஏறிய இலை எரியாமல் அணைந்து அணைந்து போகும். இதனால்தான் சுருட்டுப் புகையிலைக்குச் சாம்பல் சத்தை மியூரியேட்டாகப் போடாமல் சல்பேட்டாகப் போடச் சொல்கிறார்கள்.

வெட்டிய பிறகு வேலை தீர்ந்ததா என்றால் இல்லை. தோரணம் கட்டி உலர்த்தி, அம்பாரம் போட்டு, உள்ளே சூடு ஏற ஏறப் பிரித்து அடுக்கி மாதக் கணக்கில் பதப்படுத்த வேண்டும். ஒரு தரம் பிரிக்கத் தவறினால் இலை கருகி மக்கிவிடும். ஈரமான பச்சை இலையை வெறுங்கையால் ஒடிக்கிறவர்களுக்குத் தோல் வழியே நிகோடின் ஏறி வாந்தியும் தலைசுற்றலும் வரும். இது பிடிக்கிறவர்களுக்கு வருகிற கேட்டுக்கு மேலே. சுருட்டுப் பிடித்தால் வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வரும் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்த விஷயம். புகையை உள்ளே இழுப்பதில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

புகையிலையால் நம் பக்கத்துக்கு உதவியாக இருந்து வந்தது அதன் கழிவுதான். அரைக் கிலோ காம்பையும் தூளையும் நாலரை லிட்டர் தண்ணீரில் ஒரு நாள் ஊற வைத்து வடிகட்டி, 120 கிராம் பார் சோப்பைக் கரைத்துச் சேர்த்து, ஆறேழு பங்கு தண்ணீர் கலந்து அசுவினிக்குத் தெளிப்பது பழைய முறை. இதையும் மிளகாய், கத்தரி, தக்காளிக்கு அடிக்கக் கூடாது. புகையிலையில் இருக்கும் தேமல் நோய்க் கிருமி உலர்ந்த இலையிலும் சாகாமல் இருந்து அந்தச் செடிகளுக்குத் தொற்றும். விஷம் விஷம்தான், கையுறை இல்லாமல் கலக்காதீர்கள், குழந்தைகள் அருகில் வேண்டாம்.

இனி யந்திரம். சுருட்டுத் தயாரிப்பு மத்திய அரசின் கட்டாயத் தொழில் உரிமப் பட்டியலில் இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் மேஜையைப் போட்டு ஆரம்பித்துவிடலாம் என்று யந்திரம் விற்கிறவர் சொன்னால், உரிமத்தை அவரே வாங்கித் தருவாரா என்று கேளுங்கள். 2003-ம் வருஷச் சட்டப்படி விளம்பரம் கிடையாது, பெட்டியில் எச்சரிக்கைப் படம் கட்டாயம். வரியும் மற்ற சரக்கைப் போல் அல்ல.

இலையை மட்டும் விற்கலாம் என்றால், குண்டூரில் உள்ள புகையிலை வாரியம் ஏலம் நடத்துவது சிகரெட்டுக்கான வர்ஜீனியா இலைக்கு மட்டும்தான். சுருட்டு இலைக்கு ஏலமும் இல்லை, ஆதார விலையும் இல்லை. கோட்டாற்றுக் கம்போளத்திலோ வடசேரியிலோ அதற்கென்று மண்டியும் கிடையாது. விளைந்ததை லாரியில் ஏற்றித் திண்டுக்கல் கொண்டுபோய், முழு இலையோ நறுக்கு இலையோ, அங்கே சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.